அண்ணாச்சிப் பாறையின் ஜவுளி

ஆற்றிலிருந்து துணி எடுப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்பது எடுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஈரச் சேலை ஒன்று பார்வைக்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். நாலு நாள் தண்ணீரில் கிடந்து, மடிப்புக்கு மடிப்பு மணல் ஏறி, பாறையைச் சுற்றி முறுக்கிக்கொண்டு கிடப்பதை இழுத்தால் சேலை வராது, நம் தோள்தான் கழன்று வரும். என் வலது தோள் ஏற்கெனவே ஒருமுறை கழன்று வந்ததுதான். ரிஷிகேசத்தில் கங்கையில் ராஃப்ட் என்கிற காற்றடைத்த ரப்பர் படகு ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது அது. மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் அந்தத் தோள் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் வடக்கே அடுத்தவன் ஆற்றில் ஓட்டியது போதும், நம் ஆற்றில் ஓட்டுவோம் என்று ஊருக்கு வந்தவன் நான். கூட்டாளியாகச் சேர்ந்தவன் மேலப்பாளையத்துக்காரன். வளைகுடாவில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் உயிர்காப்பாளனாக இருந்துவிட்டு வந்தவன். நான் ராஃப்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவேன். அவன் கயாக்கில், ஓராள் துடுப்புப் படகில், முன்னால் போவான். யாராவது தவறி விழுந்தால் பாய்ந்து பிடிப்பது அவன் வேலை. அவன் இல்லாமல் ஆளை ஏற்றக்கூடாது என்பது நான் படித்த முதல் பாடம். அதை மட்டும் நான் என்றைக்கும் மீறியதில்லை.

பாபநாசத்துக்குக் கீழே, பிசான நெல் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறக்கும்போது, கொஞ்ச தூரத்துக்கு ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்கும். கங்கையைப் பார்த்தவனுக்கு அது பெரிய இறக்கம் இல்லை. ஆனால் நடுவில் ஒரு பாறை உண்டு. மொத்தத் தண்ணீரும் நேராக அதன்மேல் போய் மோதிவிட்டு இடமும் வலமுமாகப் பிரியும். அதற்கு நாங்கள் அண்ணாச்சி என்று பெயர் வைத்திருந்தோம். நாமாக ஒதுங்கி மரியாதையாக வழிவிட்டுப் போனால் ஒன்றும் செய்யாது. நேருக்கு நேர் போய் நின்றால் விடாது.

அந்த அண்ணாச்சியிடம்தான் ஊர் ஜவுளியெல்லாம் வந்து சேரும். பாபநாசத்தில் தலை முழுகிவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போனால் பாவம் தொலையும் என்பது வழக்கம். எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருவார்கள். முழுகுவார்கள், விடுவார்கள், புதுத்துணி உடுத்திக்கொண்டு இட்லி சாப்பிடப் போவார்கள். விட்டவர்களுக்கு அத்தோடு கணக்கு முடிந்தது. துணிக்கு முடியவில்லை. சேலை, வேட்டி, ஜீன்ஸ், பள்ளிக்கூடச் சீருடை, உள்ளாடை, ஒருமுறை பாசி மணி கோத்த சின்னக் கவுன் ஒன்று. எல்லாம் வந்து அண்ணாச்சி இடுப்பில் சுற்றிக்கொள்ளும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் வீட்டு ஆட்களும் காலங்காலமாக விட்டவர்கள்தான். ஆனால் அதை எடுக்கிறவனுக்கு அலுத்துப் போகிறது, அவ்வளவுதான்.

போன பிசானத்தில் என் கூட்டாளி அங்கேதான் செத்துப் பிழைத்தான்.

அன்றைக்கு ஆட்கள் யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினோம். அண்ணாச்சிக்கு மேலே அவன் துடுப்பில் ஒரு சேலை சுற்றிக்கொண்டது. கயாக் கவிழ்ந்தது. கவிழ்ந்தால் துடுப்பை ஒரு வீசு வீசி நிமிர்ந்துவிடுவான், அவனுக்கு அது தூக்கத்தில் புரண்டு படுப்பது மாதிரி. அன்றைக்குத் துடுப்பு அசையவில்லை. படகிலிருந்து வெளியே வந்தவன் காலில் பாறையடித் துணிமூட்டை மாட்டிக்கொண்டது. தண்ணீர் முதுகில் ஏறி அவனைக் கீழே அமுக்கியது. நான் ராஃப்டைப் பாறைக்குப் பின்னால் ஒதுக்கி, தாவி, தலைகுப்புறத் தொங்கிக்கொண்டு கத்தியால் அறுத்தேன். ஒரு சேலையை அறுத்தால் கீழே இன்னொரு சேலை. அதற்குக் கீழே ஒரு வேட்டி. எத்தனை அறுத்தேன் என்று தெரியாது. அவன் வெளியே வந்தபோது உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

மேலப்பாளையத்துக்கு அந்தக் கோலத்தில் போனால் அவன் உம்மா பயந்துவிடுவாள் என்று தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா உள்ளே போய்த் தன் வேட்டி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். எங்கள் அம்மா அப்பாவின் வேட்டிகளுக்கெல்லாம் ஒரு மூலையில் நீல நூலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி தைத்து வைப்பாள், சலவைக்குப் போடும்போது மாறிவிடக்கூடாது என்று. அந்த வேட்டியை அவன் தன் வழக்கப்படி இடப்பக்கம் மடித்துக் கட்டினான்; எங்கள் வீட்டில் வலப்பக்கம்தான் கட்டுவது. அப்பா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எடப்பக்கம் கட்டியிருக்கீரே, வேட்டிக்கு வழி தெரியுமாவே?" என்றார்.

பல் கிட்டிக்கொண்டிருந்தவன் அப்போதுதான் சிரித்தான். "ஒங்க வேட்டிதானே மாமா, நீங்க சொன்னாக் கேக்கும்" என்றான்.

அந்த வேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டு ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். ஆனால் ஆற்றுப் பக்கம் வரவில்லை. மச்சினனுடைய செல்போன் கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் போய்க் கூப்பிட்டால் டீ வாங்கித் தருவான், போனுக்கு உறை மாட்டிக்கொண்டே பேசுவான், வருகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டான்.

"பயமாலே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயந்தான். இன்னும் காலுல ஏதோ சுத்துத மாதிரியே இருக்கு மாப்ள. அந்தப் பாறைய ஒரு துணி இல்லாம ஒரு நாள் காட்டு. வாரேன்" என்றான்.

அதைப் பிடித்துக்கொண்டு இந்தப் பிசானம் முழுக்க நான் துணி எடுத்தேன். தண்ணீர் நிறுத்தும் நேரம் பார்த்து, துறட்டியும் கயிறுமாக இறங்குவேன். கரையில் குவித்து வைத்தால் பஞ்சாயத்து வண்டி என்றைக்கு மனது வருகிறதோ அன்றைக்கு வந்து அள்ளிக்கொண்டு போகும். இன்று எடுத்து முடித்தால் நாளை அமாவாசை. அமாவாசைத் துணியை எடுத்து முடித்தால் ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி ஒருநாள் கூட வெறும் மேனியோடு நின்றதில்லை. ஒரு கட்டத்தில் எனக்கு ஆறு பிடிக்காமல் போய்விட்டது. எந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்காக ஊருக்கு வந்தேனோ, அதைக் கேட்டாலே கை வலிக்கத் தொடங்கியது. குடகுப் பக்கம் ஒருவர் படகுகளை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டாளி வராவிட்டால் இந்த வருடத்தோடு எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அப்பா இறந்துபோனார். தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

துட்டி விசாரிக்க வந்திருந்த கூட்டாளி தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தான். வேப்பமரத்தடியில் நின்று, "காரியம் முடிஞ்ச மறுநாள் காலையில ஆத்துக்கு வாரேன். பாறை காலியா இருந்தா ஏறுதேன். இல்லன்னா இனிமே என்னயக் கேக்காத, என்ன" என்றான். அப்பா போன துக்கத்துக்கு நடுவே எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்ததற்கு வெட்கப்படவும் தெம்பு இல்லை. காரியத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்த வீட்டிலிருந்து பைய நழுவிப் போய், அண்ணாச்சியை மொட்டையாகத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். முதல்முறையாக அந்தப் பாறையின் கறுப்பை முழுசாகப் பார்த்தேன்.

காரியத்தன்று காலையில் அம்மா பீரோவைத் திறந்து அப்பாவின் வேட்டி ஒன்றை எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். "கிழிஞ்சத விட்டா நல்லாவா இருக்கும்? இத விட்டுட்டு வாங்க" என்றாள். நல்ல வேட்டி. மூலையில் நீல நூல். பாபநாசத்துக்குத்தான் போகிறோம் என்பது எனக்குத் தெரியும், ஆனால் வேட்டியைக் கையில் பார்க்கும்வரை அது புத்தியில் ஏறவில்லை. நாளெல்லாம் ஊரார் துணியை எடுத்தவனுக்கு நம் வீட்டிலிருந்தும் ஒன்று வரும் என்று தோன்றவேயில்லை.

வேனில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவன். பதினாறு நாளும் சரியாகத் தூங்கவில்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. பின்னால் தாய்மாமா உட்கார்ந்திருந்ததால் குரலைத் தாழ்த்திப் பேசினேன்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேட்டிய விட வேண்டாம். தண்ணியில நனைச்சு எடுத்துருவோம்."

"ஏம்லே?"

"அது அங்கனயே கெடக்காதுண்ணே. கீழ போயி மாட்டும். நாளைக்கு அவன் வாரான். அவன் செத்துப் பொழச்சது ஒனக்குத் தெரியும்லா."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லிடைக்குறிச்சி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். "ஊரே விடுது. நம்ம அப்பாவுக்குச் செய்ய மட்டும் ஒனக்குக் கணக்கு வருதா?" என்றான். பிறகு அவனே, "நீதான் தெனமும் எடுத்துப் போடுதியே. இதையும் நாளைக்கு எடுத்துப் போட்டுட்டுப் போ" என்றான்.

குத்திக்காட்ட அவன் அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அது அவனுக்கு நிஜமாகவே ஒரு வழியாகத் தோன்றியது. மேலே சண்டை போட எனக்கு உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. அவனும் அப்பனை இழந்தவன்தான்.

படித்துறையில் கூட்டம் இருந்தது. முழுகினோம். தாய்மாமா தன் துண்டை விட்டார். அண்ணன் உடுத்தியிருந்த வேட்டியை விட்டுவிட்டு, பிறகு அப்பாவின் வேட்டியை இரண்டு கையிலும் ஏந்தித் தண்ணீரில் வைத்தான். நான் உடுத்தியிருந்ததை விடவில்லை. அண்ணன் பார்த்தான். காரியம் செய்துவைத்தவர், "திரும்பிப் பாக்காம ஏறுங்கோ, பாக்கப்படாது" என்றார். எல்லோரும் படியேறினார்கள்.

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. தண்ணீரில் ஒரு பொருள் விழுந்தால் அது எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் இத்தனை வருடம் என் பிழைப்பு. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. வேட்டி முதலில் படியோரமாகச் சுற்றிச் சுற்றி நின்றது, போக மனதில்லாததுபோல. பிறகு நடு ஓட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. விரிந்தது. இரண்டாவது பாறைக்கு இடப்பக்கமாக இறங்கியது. அந்த இடப்பக்கத்தில் இறங்குகிற எதுவும் அண்ணாச்சியைத் தப்பியதில்லை. அப்பா எங்கே போய்ச் சேருவார் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"ஏம்லே பாத்த?" என்றான் அண்ணன், மேற்படியில் நின்றுகொண்டு.

"பழக்கம்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். "வேட்டி போயிட்டா?" என்று கேட்டாள். "போயிட்டும்மா" என்றேன். அன்று சாயங்காலமே போய் எடுத்துவிட வழியில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது, ஆற்றிலும் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். இலை எடுத்தேன், பாத்திரம் கழுவ உதவினேன். காலையில் அவன் வருவதற்குள் போய் எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து எங்கே போடுவது என்பதை நினைக்கப் பயமாக இருந்தது. நான் எடுக்கிற துணியெல்லாம் ஒரே குவியலுக்குத்தான் போகும்.

விடிகாலையில் பைக்கை எடுத்தேன். பாபநாசம் போய்ச் சேரும்போது நன்றாக வெளுத்துவிட்டது. தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள், ஆறு சத்தமில்லாமல் வற்றிக் கிடந்தது. துறட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாதையில் இறங்கினால், எங்கள் படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கூட்டாளியின் ஸ்கூட்டர் நின்றது. பிந்திவிட்டேன், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். குடகுக்காரரிடம் என்ன விலை சொல்லலாம் என்று கூட அந்த நேரத்தில் புத்தி போனது.

பாறைகளைத் தாண்டிப் பார்த்தேன். அவன் கரையில் இல்லை. அண்ணாச்சிக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

கரையில் ஒரு சின்னக் குவியல். அண்ணன் விட்ட வேட்டி, தாய்மாமாவின் துண்டு, யாருடையதோ இரண்டு மூன்று சேலைகள். அவன் தோளில் மட்டும் பிழிந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்று தனியாகக் கிடந்தது.

"சுபுஹு தொழுதுட்டு நேரா வந்துட்டேன்" என்றான், நான் கேட்காமலே. "மேல நின்னு பாத்தேன். பாறையில துணி கெடந்துச்சு. சரி, போயிருவோம்னு வண்டிய எடுத்தேன் மாப்ள."

"பொறவு?"

"வண்டியத் திருப்பும்போது, நேத்துதான மாமாவுக்குக் காரியம்னு நெனப்பு வந்துச்சு. கிட்ட எறங்கிப் பாத்தா மூலையில நீல நூலு தெரிஞ்சிச்சு." தோளிலிருந்ததைத் தொட்டுக் காட்டினான். "மாமா வேட்டியில்லா. பாத்த பொறவு எப்பிடி விட்டுட்டுப் போக?"

நான் துறட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். பதினாறு நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவன் பக்கத்தில் வந்து தேற்றவில்லை. தண்ணீரிலேயே நின்று, நான் முடிக்கட்டும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வாரதுக்குள்ள எடுத்துரணும்னுதான் வந்தேன்" என்றேன் கடைசியில். "காலியா இருந்தாத்தான் ஏறுவேன்னியே."

அவன் திரும்பி அண்ணாச்சியை ஒருதரம் மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தான். "காலியாத்தானே இருக்கு" என்றான்.

தண்ணீர் திறப்பதற்கு முன் ஊதும் சங்கு மேலே ஊதியது. அவன் கரையேறி, குளிர் தாங்காமல் அந்த வேட்டியையே உதறி இடுப்பில் கட்டிக்கொண்டான். இடப்பக்கம்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மாமா ஒண்ணும் நெனைக்க மாட்டாவ" என்றான். கொட்டகையைத் திறந்து, ஒரு வருடமாகத் தொடாத கயாக்கை இழுத்து வெளியே போட்டான். உள்ளே சிலந்தி வலை பின்னியிருந்தது. ஏறுவதற்கு முன் வேட்டியை அவிழ்த்து மடித்துத் தண்ணீர் புகாத பையில் வைத்து, வாயைச் சுருட்டிக் கட்டினான். முடிச்சு இரண்டுதரம் நழுவியது. நானும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஆட்கள் யாரையும் ஏற்றவில்லை. அவன் முன்னால் கயாக்கில் போனான், நான் பின்னால் சின்ன ராஃப்டைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். தோள் ஒவ்வொரு இழுப்புக்கும் முனகியது. அண்ணாச்சி நெருங்கியதும் அவன் வழக்கம்போல ஒதுங்கி மரியாதையாக வழிவிட்டான். கீழே போய் நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

வேட்டியை அவனே கொண்டுபோனான். இப்போது மேலப்பாளையத்தில் அவன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அம்மாவைப் பொறுத்தவரை அது ஆற்றோடு போய்விட்டது. அது அப்படியே இருக்கட்டும். குடகுக்காரர் மறுபடி போன் செய்தபோது படகு விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் போனோம். அண்ணாச்சி இடுப்பில் புதிதாக இரண்டு சேலைகள் சுற்றியிருந்தன. ஆளுக்கு ஒன்றாக எடுத்தோம்.